பரிமளா அக்கா வாங்கிய மார்க்

பிற்பகலில் வீட்டுக்குள் நுழைந்தபோது ஆன்ஸரிங் மெஷினில் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. போன் கம்பெனியை மாற்றிக்கொள்ளச் சொல்லும் விளம்பரமாக இருக்கும் என்ற அலுப்போடு பொத்தானை அழுத்தினேன். எங்கள் பழைய மாணவி மரிசோலின் குரல். நான் மறந்திருப்பேனோ என்பதுபோல முதலில் தன் பெயரையும் பள்ளியின் பெயரையும் சொன்னாள். பிறகு, மிஸ் பி இன்று காலை ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார் என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள். சொல்லி முடித்தும் போனை வைக்கவில்லை. அவள் மூச்சு விடும் சத்தம் கொஞ்ச நேரம் பதிவாகியிருந்தது. நான் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

பிள்ளைகளுக்கு மிஸ் பி, நமக்குப் பரிமளா அக்கா. டெக்ஸஸில், இந்த இர்விங்கில் இருக்கும் நம்மவர்களில் பலருக்கு அவரைப் பொங்கல் விழாவில் பந்தி விசாரித்தவராகத்தான் தெரியும். எனக்கு அவர் பக்கத்து வகுப்பு டீச்சர். நீங்கள் பார்க்காத அக்காவை நான் பார்த்திருக்கிறேன் என்ற கர்வத்தில்தான் இதை எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் வேலை பார்த்தது ஒரு சார்ட்டர் பள்ளி. அரசுப் பணத்தில் நடக்கும், கட்டணம் கிடையாது, ஆனால் நிர்வாகம் தனி. தேர்ச்சி குறைந்தால் உரிமத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள். வேறு எங்கும் ஒட்டாத பிள்ளைகள்தான் எங்களிடம் வந்தார்கள். கட்டடம், மூடிப்போன ஒரு சூப்பர் மார்க்கெட். உள்ளே தட்டி வைத்து வகுப்புகளைப் பிரித்திருந்தார்கள். தட்டி ஆள் உயரம்தான், அதற்கு மேலே எல்லோருக்கும் ஒரே ஆகாயம். ஜன்னல் கிடையாது. கூரையில் பதித்த கண்ணாடி வழியாக வெளிச்சம் இறங்கும். மேகம் நகர்ந்தால் முதலில் ஏழாம் வகுப்பு மங்கும், பிறகு எட்டாம் வகுப்பு மங்கும். அக்காவின் கணக்கு வகுப்புக்கு மேலே, உறைந்த உணவுகள் என்று எழுதிய பழைய பலகை யாரும் கழற்றாமல் தொங்கிக்கொண்டிருந்தது. ஏசிக் காற்றில் அது லேசாக ஆடும். இலைக்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்று நான் என் அறிவியல் வகுப்பில் கேட்பேன். தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து முக்கால் என்று பதில் வரும்.

வாசலில் பழைய தானியங்கிக் கதவு. யாரும் வராதபோதும் அது திடீரென்று விலகும், வெயிலைக் கொஞ்சம் உள்ளே விட்டுவிட்டு மூடிக்கொள்ளும். அப்போதெல்லாம் அக்கா தட்டிக்கு மேலே எட்டிப் பார்த்து, “யாரோ லேட்டா வந்திருக்காங்க அம்மிணி, அட்டெண்டன்ஸ் போட்டுரு,” என்பார். கோபிச்செட்டிப்பாளையத்தில் பதினைந்து வருடம் கணக்கு நடத்திவிட்டு வந்தவர். அந்த ஊர்ப் பேச்சை டெக்ஸஸ் வெயில் கொஞ்சம்கூட வெளுக்க வைக்கவில்லை.

முதல் மாதத் தேர்வு முடிந்து விடைத்தாள் கொடுத்த நாள் இன்னும் எனக்குக் காதில் கேட்கிறது. நம் ஊர் வகுப்பறையில் எப்படிக் கொடுப்பார்களோ அப்படியே கொடுத்தார். முதல் மார்க்கிலிருந்து வரிசையாகப் பெயரையும் மார்க்கையும் உரக்கப் படித்தார். தட்டிக்கு மேலே அந்தக் குரல் மிதந்து வந்ததும் என் கையிலிருந்த சாக்பீஸ் நின்றுவிட்டது. கடைசிப் பெயர் மரிசோல். மறுநாள் அவள் வரவில்லை, அவள் அம்மா வந்தார்.

இங்கே ஒரு பிள்ளையின் மார்க் அந்தப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் மட்டுமே சொந்தம். அது அக்காவுக்கு நிஜமாகவே தெரியாது. அந்த அம்மா மகளை நிறுத்தப்போவதாகவும், நிர்வாகக் குழுவிடம் புகார் கொடுக்கப்போவதாகவும் சொல்லிவிட்டுப் போனார். புகார் வந்தால் வேலையைக் காப்பாற்ற என்னால் முடியாது என்று பிரின்சிபால் அக்காவிடம் சொல்லிவிட்டார். அக்காவின் கணவருக்கு அப்போது வேலை போயிருந்தது. குடும்பத்தின் விசா அக்காவின் வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. வேலை போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மதிய இடைவேளையில் டிபன் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். “மார்க்க ஒளிச்சு வெக்கிற அளவுக்கு அதுல என்ன இருக்குது அம்மிணி? கடைசியா யாருன்னு தெரிஞ்சாத்தானே மத்தவங்க சொல்லிக் குடுப்பாங்க?” என்றார். ஆறுதல் சொல்லியிருக்க வேண்டிய நேரம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“யாரும் சொல்லிக் குடுக்க மாட்டாங்கக்கா. சிரிப்பாங்க. எட்டாங்கிளாஸ் முழுக்க மதுரையில கடைசிப் பேரு என் பேருதான். எனக்குத் தெரியும்,” என்றேன்.

அக்கா திறக்காத டப்பாவைப் பைக்குள் வைத்தார். பிறகு, “சனிக்கிழமை என்னைய அந்தப் புள்ள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறியா? எனக்கு ஃப்ரீவேல டிரைவ் பண்ண வராது,” என்று மட்டும் கேட்டார்.

போன் பண்ணாமல் யார் வீட்டுக்கும் போகக் கூடாது என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். கேட்கவில்லை. ஊரில் பிள்ளை வராவிட்டால் டீச்சர் வீட்டுக்கே போவார், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. அந்த அபார்ட்மென்ட் மாடிப்படி, யாரோ துணி உலர்த்தும் இயந்திரத்தின் இனிய சூடான வாசனை, கதவைப் பாதி திறந்து நின்ற அந்த அம்மாவின் முகம் எல்லாம் தண்ணீருக்கடியில் பார்ப்பதுபோல் நினைவில் ஆடுகின்றன. காரில் வரும்போது மனப்பாடம் செய்த ஸ்பானிஷ் மன்னிப்பை அக்கா சொன்னார். கொங்கு ராகத்தில் சொன்னார். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே சோபாவில் படுத்திருந்த மரிசோல், போர்வைக்குள்ளிருந்தே அதைத் திருத்தினாள்.

அக்கா அவளைப் பார்த்து, இதற்கு இருபதுக்கு எத்தனை போடுவாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். இரண்டு, என்றாள் அவள், இரக்கமே இல்லாமல்.

அப்படியானால் திங்கட்கிழமை வந்து வகுப்பில் எல்லோருக்கும் கேட்கும்படி அந்த மார்க்கைப் படி, என்றார் அக்கா. வாராவாரம் எனக்கு ஸ்பானிஷ் தேர்வு வை, நீயே திருத்து, நீயே படி. உன்னுடையதை இனி நான் படிக்கமாட்டேன்.

அம்மாவுக்கு மகள் மொழிபெயர்த்துச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. ஆனால் கதவு முழுதாகத் திறந்தது.

திரும்பி வரும்போது வழியில் லாஸ் கோலினாஸ் கண்ணாடிக் கட்டடங்களில் மேகங்கள் மிதந்துகொண்டிருந்தன. தன் வீட்டு வாசலில் இறங்கும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். “உன்ற டீச்சரு யாருன்னு எனக்குத் தெரியாது அம்மிணி. ஆனா நானும் எத்தனையோ பேரு பேரக் கடைசியாப் படிச்சிருக்கறன். அவங்க கேக்கலைன்னா என்ன, அவங்களுக்குப் பதிலா நான் கேட்டுக்கறன். மன்னிச்சுக்க,” என்றார். எனக்கு அழுகை வந்தது. அந்தச் சின்ன விஷயத்தை இத்தனை வருடமாகச் சுமந்துகொண்டிருந்தேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

திங்கட்கிழமை மரிசோல் வந்தாள். புகார் வரவில்லை. அந்த வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் தட்டிக்கு மேலே அவள் குரல் மிதந்து வரும். மிஸ் பி, இருபதுக்கு நான்கு. மிஸ் பி, இருபதுக்கு மூன்று. பள்ளி முழுவதும் அந்த நிமிடத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும். யாரும் கேலி செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன், எல்லோரும் செய்தார்கள், அக்காவும் கூடச் சேர்ந்து சிரித்தார். ஆனால் சிரித்து முடித்த பிறகு யாராவது ஒருத்தர் அவருக்குச் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்துவிடுவார்கள். யாரும் சொல்லிக் கொடுக்க மாட்டார்கள் என்று நான் சொன்னது தப்பாகிவிட்டது. அடுத்த வசந்தத்தில் மாநிலத் தேர்வு முடிவு வந்தது. மூடிய உறையில், ஆளுக்கு ஒன்று, ரகசியமாக. மரிசோல் தன்னுடையதைப் பிரித்தாள், நாற்காலி மேல் ஏறினாள், யாரும் கேட்காமலேயே தன் கணக்கு மார்க்கைக் கட்டடத்துக்கே கேட்கும்படி படித்தாள். தேர்ச்சி, மயிரிழையில்.

இறுதிச் சடங்கு மண்டபத்தில் நம்மவர்கள் கைகட்டி நின்றபோது மரிசோல் முன்னால் வந்தாள். அக்காவின் கணவரிடம் அனுமதி கேட்டாள். கையில் ஒன்றும் இல்லை. வாராவாரம் அந்த ஸ்பானிஷ் தேர்வு ஆஸ்பத்திரியிலும் நடந்திருக்கிறது. முதல் வாரத்து இரண்டிலிருந்து தொடங்கி, அக்காவின் மார்க்குகளை மனப்பாடமாக, ஒவ்வொன்றாகப் படித்தாள். ரேங்க் படிக்கக் கேட்டு வளர்ந்த அத்தனை பேரும் அசையாமல் நின்றோம். கடைசியாக, பதினாறு. கூட நான்கு போட்டிருக்கலாமே அம்மா என்று ஒரு பெரியவர் மெல்லக் கேட்டார். மிஸ் பி கூட்டிப் பார்ப்பார், என்றாள் அவள்.

பள்ளி வேறு கட்டடத்துக்குப் போய்விட்டது. பழைய இடத்தில் இப்போது சோபா விற்கிறார்கள். நேற்று அந்த வழியாகப் போனபோது அந்தக் கதவு ஆளில்லாமல் திறந்து மூடியது. அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றே ஒன்று, செய்யாத தப்புக்கு அவர் என்னிடம் கேட்ட அந்த மன்னிப்பு. மன்னித்தேன் என்று அன்று என்னால் சொல்ல முடியவில்லை. மதுரை டீச்சரையும் சேர்த்துத்தான் அக்கா, இப்போது சொல்கிறேன், எல்லோருக்கும் கேட்கும்படி.