மூன்று துண்டு

நூறு யென் நாணயத்தைப் போட்டுவிட்டு நிஷிவாக்கி கையைக் கட்டிக்கொள்கிறார். திரையில் அவருடைய ஆள் சும்மா நிற்கிறான். எதிரே மீன்காரக் கிழவன் ரப்பர் பூட்ஸோடு நடந்து வந்து முழங்கையால் முகத்தில் ஒன்று வைக்கிறான். ஆள் விழுகிறான், எழுகிறான், மறுபடி வாங்குகிறான். நிஷிவாக்கி ஜாய்ஸ்டிக்கைத் தொடுவதே இல்லை. வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் இடது கையின் மேல் தட்டிக்கொண்டே இருக்கிறது. ஆள் செத்ததும் அடுத்த நாணயம்.

ஜூசோ ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த கேம் கடையில் அவரை எல்லாருக்கும் தெரியும்.

"பெருசு, ஆட வந்தியா, அடி வாங்க வந்தியா?" என்று பின்னாலிருந்து ஒரு கல்லூரிக்காரன் கேட்பான்.

"அடி வாங்கத்தாண்டா எனக்குச் சம்பளம்."

"அப்ப எங்கப்பாவையும் உன் ஆபீஸ்ல சேத்து விடு. மனுசன் வீட்ல சும்மாவே வாங்கிட்டிருக்காரு."

நிஷிவாக்கி சிரிக்க மாட்டார். சிரித்தால் எண்ணிக்கை விட்டுப்போகும்.

வயது நாற்பத்து மூன்று. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, அமகாசாகியில் திருகாணி செய்யும் பட்டறையில் பதினொரு வருடம் இருந்தவர். கன்வேயரில் ஓடி வரும் திருகாணியை எடுத்து மரையின் மேல் கட்டைவிரலை ஓட்டி, சரி, தப்பு என்று இரண்டு டப்பாவில் போடுவது வேலை. பட்டறை மூடியதும் மச்சான் சொல்லி இந்தத் தொழிலுக்கு வந்தார். கம்ப்யூட்டரைக் கண்டு பயந்தார். ஆனால் ஒரு நொடியை அறுபதாக நறுக்கினால் அதில் ஒரு துண்டு எவ்வளவு என்று அவர் விரலுக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால், "திருகாணி" என்பார். அவ்வளவுதான் பதில்.

தொழில் இதுதான். கேம் கடையில் இருக்கும் பெரிய யந்திரத்தின் சண்டை ஆட்டத்தை வீட்டுப் பெட்டிக்குள் இறக்க வேண்டும். வீட்டுப் பெட்டி இரண்டு ஜாதி. ஒன்று சாம்பல், ஒன்று கறுப்பு. இரண்டையும் செய்கிற பெரிய கம்பெனிகள் ஒன்றை ஒன்று மென்று தின்னக் காத்திருக்கின்றன. கறுப்புப் பெட்டிக்குப் பெரிய வயிறு. எல்லாப் படமும் உள்ளே போகும், ஆனால் வட்டு சுற்றிச் சுற்றி ஒரு சண்டைக்கும் அடுத்த சண்டைக்கும் நடுவில் ஒரு சிகரெட்டே பிடித்துவிடலாம். சாம்பல் சுறுசுறுப்பு. ஆனால் வயிறு சின்னது. படத்தைக் குறைத்தாக வேண்டும்.

நிஷிவாக்கியின் ஆபீஸ் செய்வது சாம்பலுக்கு. ஒரு அசைவுக்கு வரிசையாக ஓடும் படங்களில் எதை உருவி எடுப்பது என்பதுதான் அவர் பிழைப்பு.

கேவலமான பிழைப்பு என்றுதான் வெளியில் பேச்சு. ஆட்டம் வந்த மறு வாரமே பத்திரிகைகள் இரண்டு பெட்டியின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு நம்பர் கொடுக்கும். கறுப்பில் பின்னால் நிற்கும் யானை தும்பிக்கையை ஆட்டுகிறது. சாம்பலில் யானை செத்தது போல நிற்கிறது. அந்த யானையைச் சாகடித்தவர் நிஷிவாக்கி. பள்ளிக்கூடங்களில் சாம்பல்காரப் பிள்ளைகள் அந்த யானைக்காக உதை வாங்கினார்கள். அவருக்கு அதில் வருத்தம் கிடையாது. "யானை யாரையும் அடிக்கல. அது ஆடினா என்ன, ஆடாட்டி என்ன?" என்பார்.

அடிக்கிற கையில்தான் அவருக்கு மதம் இருந்தது. படத்தை எடுக்கலாம், நேரத்தை எடுக்கக்கூடாது. நடுவில் ஒரு படம் போனால் அதற்கு முந்தின படம் அந்த நேரத்தையும் சேர்த்துச் சுமந்து நிற்க வேண்டும். கண் ஏமாந்து போகும், கை ஏமாறாது. "பாக்கறவன் கண்ணால பாக்கறான். ஆடறவன் விரலாலதான் பாக்கறான்" என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்லிவிட்டு, உலர்ந்த கணவாய் மீனை ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொள்வார். மேசையெல்லாம் கணவாய் நாற்றம். கீழே கோஸ் அடை சுடும் கடை. மூன்றாம் மாடி வரை எண்ணெய்ப் புகை. அந்த நாற்றத்தில் இந்த நாற்றம் தெரியாது என்பது அவர் கட்சி.

வீட்டிலும் அதே கண்தான். மனைவி ஃபுசாயே சட்டைக்கு இஸ்திரி போடும்போது பார்த்துக்கொண்டே இருப்பார்.

"இப்ப நீ கையத் தூக்கினே பாரு, அதுல நாலு படம் எடுத்தாலும் ஒருத்தனுக்கும் தெரியாது."

"சம்பளத்துல எடுத்துட்டுக் கொண்டாறீங்களே, அது எனக்குத் தெரியுது" என்பாள் அவள், தலையைத் தூக்காமல்.

'ஏழாம் வாசல்' என்ற ஆட்டத்தை அவர்கள் சாம்பலுக்கு இறக்கியது போன வருடம். பதினாலு சண்டைக்காரர்கள். எண்ணூறுக்கு மேல் அடிகள். எட்டு மாதம் ஆபீஸிலேயே படுத்து எழுந்தார்கள். மீன்காரக் கிழவனின் முழங்கை அடி அதில் ஒன்று. முழங்கை ஏறி முகத்தில் இறங்குகிற வரை ஆறு படம், படத்துக்கு மூன்று துண்டு, ஆகப் பதினெட்டு. நிஷிவாக்கி நாலாவது படத்தை எடுத்தார். எடுத்த கையோடு மூன்றாவது படத்தின் நேரத்தைக் கூட்டி எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. ஏன் எழுதவில்லை? தெரியாது. எண்ணூறில் ஒன்று. எல்லா அடியையும் சோதித்தார்கள். அன்றைக்குக் கிழவனின் தாளில் சரி என்று கையெழுத்துப் போட்டதும் அவரேதான். சாம்பல் பெட்டியில் அந்த அடி பதினைந்தாம் துண்டிலேயே முகத்துக்கு வந்துவிட்டது.

ஆட்டம் கடைக்கு வந்த மூன்றாம் வாரம், ஜூசோ கேம் கடையில் சும்மா நின்றவர் யாரோ இருவர் ஆடுவதைப் பார்த்தார். கிழவனின் முழங்கை ஏறியதும் விரல் தானாகத் தட்டியது. பதினெட்டு. மறுபடி தட்டினார். பதினெட்டு. சாப்பிடாமல் ஆபீஸுக்கு ஓடிச் சாம்பலில் தட்டிப் பார்த்தார். பதினைந்து.

முதலாளி தமாக்கி கெட்டவரல்ல. பதினொரு பேருக்குச் சோறு போடுகிறவர். "மூணு துண்டு" என்றார். "கண்ணைச் சிமிட்டவே அதுக்கு மேல ஆகும்யா. அந்தக் கிழவனை எவன் எடுத்து ஆடறான்? லட்சம் வட்டு வெளிய போயிடுச்சு. திரும்பக் கூப்பிட முடியுமா? வாய மூடிட்டு ரெண்டாம் பாகத்தைப் பாரு."

வாயை மூடிக்கொண்டார். ஆனால் அன்றிலிருந்து தினமும் மத்தியானம் கேம் கடைக்குப் போய்க் கிழவனிடம் முகத்தில் வாங்கிக்கொள்கிறார். அது எப்போதும் பதினெட்டுதான்.

இந்த ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தோயி என்பவர் ஆபீஸ் படியேறி வந்தார். வயது முப்பத்து நாலு. அரிதா ஊரில் கமலாப்பழம் தரம் பிரிக்கும் கொட்டகையில் வேலை. ஆட்டம் முடிந்ததும் திரையில் ஓடும் பெயர்களில் கம்பெனி பெயரைப் பிடித்து, டெலிபோன் புத்தகத்தில் விலாசம் தேடி, முதல் ரயிலில் கிளம்பி வந்திருந்தார். புகார் சொல்ல வருகிறவனும் வெறுங்கையோடு வரக்கூடாது என்று ஒரு பெட்டி கமலாப்பழம். கக்கத்தில், துண்டில் சுற்றி, அவருடைய சொந்த கன்ட்ரோலர்.

தமாக்கி வரவேற்று உட்கார வைத்தார். யாரோ டீ கொண்டுவந்தார்கள்.

"உங்க வேலையக் கெடுக்க வரலைங்க" என்றார் தோயி. "ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். பதினோரு மாசமா இந்த ஆட்டத்தை ஆடறேனுங்க. கிழவனோட முழங்கை அடியத் தடுத்துத் திருப்பி அடிக்கறதுல எங்க பக்கத்துல எனக்கு ஆள் இல்லீங்க. புது வருசப் போட்டிக்கு ஒசாகா வந்தேன். கடைல இருக்கற பெரிய மெஷின்ல. முதல் ஆளே ஒரு நர்ஸ் பொண்ணு. கிழவனை எடுத்துச்சு. வாங்குனேன் பாருங்க, அஞ்சு தடவை, அஞ்சும் மூஞ்சிலயே. ஜனமே சிரிச்சிருச்சு. அந்தப் பொண்ணு கும்பிட்டுட்டு, 'அண்ணே, நீங்க அவசரப்படறீங்க'ன்னுச்சு. நான் பொறந்ததுல இருந்து எதுக்கும் அவசரப்பட்டதில்லீங்க. வேணும்னா எங்க கொட்டகைல கேட்டுப் பாருங்க."

"அந்தப் பொண்ணு எந்தப் பெட்டில பழகுச்சாம்?" என்று கேட்டார் நிஷிவாக்கி.

"கறுப்புன்னு சொன்னாங்க."

கறுப்பில் எந்தப் படமும் போகவில்லை, கிழவன் அதிலும் பதினெட்டுதான். நிஷிவாக்கியின் விரல் மேசை விளிம்பில் தட்டியது.

"வீட்ல ஒரு வருசம் பொறுத்துக்கறேன்னு சொல்லியிருக்கா" என்றார் தோயி. "அடுத்த மாசத்தோட முடியுது. என் கை தப்புன்னா இதோட விட்டுடறேன். பெட்டிய மச்சினனுக்குக் குடுத்துட்டுப் பொழப்பப் பாக்கறேன். பெட்டி தப்புன்னா இன்னொரு தடவை பாக்கலாம்னு ஒரு ஆசை. கையா, பெட்டியா? அத மட்டும் சொல்லிடுங்க."

வெள்ளிக்கிழமை சாம்பல் பெட்டி செய்கிற பெரிய கம்பெனியிலிருந்து ஆள் வருகிறான், இரண்டாம் பாகத்துக்குக் கையெழுத்துப் போட. சாம்பலில் நேரம் தப்பு என்று பத்திரிகைக்காரன் காதில் விழுந்தால் போதும், பேனாவைச் சட்டைப்பையில் திரும்பச் செருகிக்கொண்டு போய்விடுவான். தமாக்கியின் பார்வை நிஷிவாக்கியின் மேல் இருந்தது.

"முதல்ல கையப் பாத்துடலாம்" என்று நிஷிவாக்கி எழுந்தார்.

வேலைக்கென்று இருக்கும் சாம்பல் பெட்டியில் தோயியின் கன்ட்ரோலரைச் செருகினார். அடி முகத்துக்கு வருகிற அதே துண்டில் பொத்தானை அமுக்கினால்தான் தடுக்கும், முந்தினாலும் பிந்தினாலும் முகத்தில்தான். எந்தத் துண்டில் அமுக்கினார்கள் என்பது பக்கத்தில் இன்னொரு திரையில் எண்ணாக வரும். தன் கோட்டைக் கழற்றி டிவியின் மேல் போட்டு மூடினார்.

"படம் கெடையாது. கிழவன் கை ஓங்கும்போது ஒரு செருமல் வரும். அத வெச்சுத் தடுங்க."

"இருட்டுலயாங்க?"

"உங்க வீட்ல எத்தனை தடவை வாங்கியிருப்பீங்க இந்த அடிய?"

"அது கெடக்குதுங்க, ஆயிரக்கணக்குல" என்று தோயி காலை மடக்கி உட்கார்ந்தார். கட்டைவிரல் தோல் காய்ப்பேறி, பழத்தின் மஞ்சள் ஏறிக் கிடந்தது.

கிழவன் செருமினான். பொத்தான் சத்தம். திரையில் பதினைந்து. மறுபடி. பதினைந்து. பதினைந்து. வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நாற்காலியைத் திருப்பினார்கள். பதினைந்து. கீழே தெருவில் லாரிக்காரன் ஹாரன் அடித்தபோது மட்டும் ஒரு பதினாலு. பிறகு மறுபடி பதினைந்து. பத்து தடவையில் ஒன்பது. லட்சக்கணக்கில் திருகாணி பார்த்த ஆள் நிஷிவாக்கி. இவ்வளவு சுத்தமான அளவை அவர் பார்த்ததில்லை. தான் எழுதிய தப்பை ஒரு மனிதன் பதினோரு மாதம் உட்கார்ந்து ஒரு பிசிறு இல்லாமல் படித்து வைத்திருக்கிறான்.

தமாக்கி முந்திக்கொண்டார்.

"பாத்தீங்களா? பதினஞ்சு. பெரிய மெஷின்ல பதினெட்டுல அமுக்கணும். மூணு துண்டு முந்துது. அந்தப் பொண்ணு சரியாத்தான் சொல்லியிருக்கு. ஒண்ணும் வெக்கப்படறதுக்கு இல்லீங்க, இந்தக் காலத்துப் பிள்ளைங்க கையோட நம்மளால போட்டி போட முடியுமா?"

அவர் சொன்ன எண்ணில் பொய்யே இல்லை. அதுதான் கொடுமை.

தோயி அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ரொம்ப நாள் வலிக்கு டாக்டர் ஒரு பெயர் சொன்னால் நோயாளி முகத்தில் ஒரு நிம்மதி வருமே, அது வந்தது.

"அப்ப கைதாங்க" என்றார். "தெரிஞ்சா போதும். அவகிட்டயும் சொல்லிடலாம். ரொம்ப நன்றிங்க." கன்ட்ரோலரைப் பிடுங்கி, ஒயரை ஒழுங்காகச் சுற்றி, துண்டை விரித்தார்.

"ஆமா. கைதான் தப்பு" என்றார் நிஷிவாக்கி.

தமாக்கி மூச்சு விட்டார். டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

நிஷிவாக்கி மேசைக்கு வந்து கமலாப்பழப் பெட்டியை ஓரமாகத் தள்ளினார். தோயிக்கு எதிரே உட்கார்ந்தார். சட்டைக் கையை மேலே ஏற்றி, தன் வலது கையை மல்லாத்தி மேசை மேல், தோயியின் முன்னால் வைத்தார்.

"இந்தக் கை."

"யோவ், நிஷிவாக்கி!" என்றார் தமாக்கி.

துண்டு பாதி சுற்றினபடி தோயி நிமிர்ந்து பார்த்தார். பள்ளிக்கூடத்தில் பிரம்புக்கு நீட்டுவது போல விரல்களை விரித்து நிஷிவாக்கி கையை அப்படியே வைத்திருந்தார். முதலாளி இன்னொரு தடவை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டும் எடுக்கவில்லை.