பாட்டு நின்ற பிறகு

வெள்ளிக்கிழமை காலை. கடையில் புண்ணாக்கு எடை போட்டுக்கொண்டிருந்தேன். ஜட்கா ஓட்டும் பெரியசாமி வண்டியை விட்டு இறங்காமலே சொன்னான்: "அண்ணாத்தே, மஸ்தான் பாய் மவுத்தாயிட்டாரு. விடியக்காலம் தண்ணி கேட்டாராம். கொண்டாந்து குடுக்கறதுக்குள்ள ஆயிடுச்சாம்." தராசுத் தட்டில் இருந்ததை எடை போட்டு, சாக்கைக் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தேன். வாங்க வந்தவர் முன்னால் முகத்தில் எதையும் காட்டாதது என் பழக்கம். அந்தப் பழக்கத்தைப் பற்றி இன்று எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை.

பூந்தமல்லி பெரிய ரோட்டில் சேணம் தைத்துக்கொண்டிருந்த மஸ்தானை உங்களில் பெரும்பாலோர் அறிவீர்கள். மடக்க முடியாத வலது காலை முன்னால் நீட்டிப் போட்டுக்கொண்டு தோலில் ஊசி ஏற்றுவார். அதற்கு முன்னால் அவர் லாடம் அடிப்பவர். எவ்வளவு முரட்டுக் காளையானாலும் கயிறு போட்டுச் சாய்த்து, முழங்காலால் அழுத்திப் பிடித்து, ஒரு வசவு வாயில் வராமல் நாலு காலுக்கும் அடித்து முடிப்பார். மாட்டை அதட்டுகிற வண்டிக்காரனிடம், "அது பயத்துல உதைக்குது. உனக்கு இன்னா பயம், நீ ஏன் உதைக்கிறே?" என்பார். அந்த முழங்கால் எப்படிப் போனது என்று ஊரில் ஒரு கதை உண்டு. அது பொய். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது எங்கள் இருவருக்கும் இருபத்தைந்து வயசுக்குள் இருக்கும். நான் காட்டுப்பாக்கத்திலிருந்து தவிட்டு மூட்டையைத் தலையில் சுமந்து வந்து பூந்தமல்லியில் வீடு வீடாக விற்றுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில் மண்டிக்காரர் ஒருவர், அவர் வாசலில் இறக்கி வைத்த என் மூட்டையைக் காலால் எட்டி உதைத்தார். மூட்டை வாய் பிரிந்து தவிடு ரோட்டில் கொட்டியது. பத்துப் பேர் பார்த்தார்கள். அவர் தயவு எனக்கு வேண்டும். ஆகவே சிரித்தேன். சிரித்துக்கொண்டே குனிந்து தவிட்டை வாரினேன்.

அன்று சாயங்காலம் காட்டுப்பாக்கத்துக்கும் பூந்தமல்லிக்கும் சடுகுடு. சித்திரையில் ஏரி வற்றினால் அந்தத் தரையில்தான் ஆடுவோம். எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டு. நடுவர் கிடையாது. 'சடுகுடு' என்று மூச்சு விடாமல் பாடி வருகிறவனைப் பிடிக்கலாம், அமுக்கலாம். ஆனால் பாட்டு நின்ற கணமே கையை எடுத்துவிட வேண்டும். நின்ற பிறகு பிடியை இறுக்கினால், இறுக்கினவன் பக்கம் ஆட்டத்தையே இழந்துவிடும். பாட்டு எப்போது நின்றது என்று சண்டை வந்தால், பாடி வந்தவன் சொல்வதே முடிவு. கூட்டத்தின் கூச்சலில் வேறு யாருக்குக் கேட்கப் போகிறது?

பூந்தமல்லிக்கு ஆடிய மஸ்தான் நடுக்கோட்டைத் தாண்டுமுன் என்னைப் பார்த்து, "இன்னாபா தவுடு, மூஞ்சி உப்பிக்கினு கீது? காலைல உதை வாங்குனது மூட்டையா, நீயா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஆட்டத்தில் இப்படி வம்புக்கு இழுப்பது சகஜம். நானும் அவரை எத்தனையோ சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்று எனக்கு மஸ்தான் தெரியவில்லை. மண்டிக்காரரின் கால்தான் தெரிந்தது. பாடிக்கொண்டு உள்ளே வந்தவரின் வலது காலைத் தாவிப் பிடித்தேன். குப்புற விழுந்தார். கோட்டுக்கு ஒரு முழம் பாக்கி. கையை நீட்டிப் பார்த்தார், எட்டவில்லை. பாட்டு நின்றது. தரையைத் தட்டி, "உட்டேன்பா" என்றார்.

எனக்குக் கேட்டது. நன்றாகக் கேட்டது. அதற்குப் பிறகுதான் முறுக்கினேன்.

முழங்காலில் எழுந்த சத்தம் கூட்டத்துக்கே கேட்டிருக்க வேண்டும், கூச்சல் அடங்கிவிட்டது. பூந்தமல்லிக்காரர்கள் கரையில் நின்ற கட்டை வண்டிகளிலிருந்து முளைக்குச்சிகளை உருவிக்கொண்டு இறங்கினார்கள். எங்கள் ஆட்கள் கல் பொறுக்கினார்கள். பூந்தமல்லிக்காரர்களில் மூத்தவர் ஒருவர் கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்தி, மஸ்தானிடம் குனிந்து கேட்டார்: "பாட்டு நின்னதுக்கு அப்பாலயா முறுக்குனான்? உள்ளத சொல்லு."

மஸ்தான் என்னைப் பார்த்தார். முகமெல்லாம் மண், வியர்வை. "இல்ல. பாடிக்கினுதான் இருந்தேன். ஆட்டத்துல ஆனது. குச்சிய போடுங்கபா" என்றார்.

குச்சிகள் தாழ்ந்தன. கோட்டைத் தொடாததால் வழக்கப்படி அவர் ஆட்டம் இழந்தார், பூந்தமல்லி தோற்றது. அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். என்னை எங்கள் ஆட்கள் தோளில் தூக்கினார்கள். சுண்டல் கொடுத்தார்கள். வாங்கித் தின்றேன்.

நாற்பது நாள் கழித்துத்தான் அவர் வீட்டுக்குப் போனேன். வெறுங்கையோடு போகக் கூசி, அவர் ஆட்டுக்கு அரை மூட்டைத் தவிடு கொண்டுபோனேன். "ஏன் பாய் அப்படிச் சொன்னே?" என்றேன். கட்டுப் போட்ட காலைத் தலையணையில் வைத்துக்கொண்டு சிரித்தார். "குச்சி எடுத்தவங்க இருவது பேரு. எங்காலு ஒண்ணு. நீதான் யாபாரியாச்சே, பாத்துக்க." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எம்மேல கோவம்னா அன்னிக்கே ரெண்டு அறை அறைஞ்சிருக்கலாம், நானும் திருப்பி அறைஞ்சிருப்பேன். யாரோ உதைச்சதுக்கு எங்காலப் புடிச்சிக்கினியே" என்றார். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். தவிட்டை எங்கே கொட்டுவது என்று கேட்டுவிட்டு எழுந்தேன்.

பிறகு எனக்குக் கடை வந்தது. அவர் சேணம் தைக்கும் இடத்துக்கு எதிர்ச்சாரியில்தான். "காலைப் பிடித்தால் விடமாட்டான்" என்ற பெயரும் என் கூடவே வந்தது. வியாபாரத்துக்கு உதவிய பெயர், ஆகவே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு மழை நாளில், மூட்டையை நனைத்துவிட்ட வண்டிக்காரனை அடிக்கக் கை ஓங்கினேன். எதிரிலிருந்து மஸ்தான் தலை நிமிராமல், "பாட்டு நின்னுடுச்சுபா" என்றார். வண்டிக்காரனுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் கையை இறக்கினேன். அப்புறம் எத்தனையோ தடவை அப்படிச் சொல்லியிருக்கிறார், மற்றவர்கள் இருக்கும்போது கேலிபோல. எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

இவ்வளவும் பழைய வெட்கம். புது வெட்கம் போன வெள்ளிக்கிழமை வந்தது. கபர்ஸ்தான் வாசலில் பழைய பூந்தமல்லி ஆட்டக்காரர்கள் நாலைந்து பேர் நின்றார்கள். "தங்கமான மனுசன். ஆனா அன்னிக்கு நம்பள கவுத்துட்டான்" என்றார் ஒருவர். "மூச்சு பத்தாதவன் அவ்ளோ உள்ள போவலாமா?" என்றார் இன்னொருவர். என் பக்கம் திரும்பி, "நீ சொல்லு யாபாரி. நீதான புடிச்சே" என்றார். மண் போட்டு ஒரு நாழிகை ஆகவில்லை. நான், "ஆமாம், பிடி அப்படி" என்றேன்.

மூன்றாம் நாள் அவர் மகன் இஸ்மாயிலைப் பார்க்கப் போனேன். ஆவடியில் பட்டாள வேலைகளுக்குத் தச்சு வேலை செய்பவன், நிதானமானவன். நடந்ததைச் சொல்லி, எழுதப் போகிறேன் என்றேன்.

"அத்தா பொய் சொல்லி நான் பாத்ததில்ல மாமா."

"அன்றைக்குச் சொன்னார்."

"இதை அவரு இருக்கசொல்லோ எழுதியிருந்தா அவரே படிக்கக் கேட்டிருப்பாரு."

போகிறேன் என்று எழுந்தபோது வாசல் வரை வந்தான். "எழுதுங்க. அத்தா பொய் சொன்னாருன்னே எழுதுங்க. யாருக்காகச் சொன்னாருன்னும் சேத்து எழுதுங்க" என்றான்.

எழுதிவிட்டேன். பூந்தமல்லி நண்பர்களே, அன்று அவர் மூச்சில் குறையில்லை. என் கைதான் வழக்கத்தை மீறியது. அந்த ஆட்டம் உங்களுடையது. காட்டுப்பாக்கத்தில் யார் கேட்டாலும் இனி அப்படியே சொல்வேன். மஸ்தானிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவர் சொன்ன அந்த ஒரு பொய். இத்தனை வருஷம் அதன் நிழலில் சௌக்கியமாக உட்கார்ந்திருந்தேன். இனி முடியாது.