ஜாடியில் ஊதிய மூச்சு

1966 அக்டோபர் 16, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடம். தூறல், காற்று இல்லை. தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் எங்கள் தொழிலாளர் லைன் வீட்டு வாசலில் ஓர் அலுமினியத் தொட்டி, அதில் தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்த கண்ணாடி ஜாடி, ஜாடிக்குள் நுழைத்த இரண்டரை அடி ரப்பர் குழாய். குழாயில் ஊதினால் மூச்சு ஜாடிக்குள் ஏறித் தண்ணீரைக் கீழே தள்ளும். ஜாடியில் ஒட்டிய காகிதத்தில் இருபது கோடுகள். ஒரு கோடு என்றால் ஒரு டம்ளர்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பள்ளிக் கண்காட்சிக்கு ஆளுக்கு ஓர் ஆய்வு செய்யச் சொல்லியிருந்தார்கள். முதலில் கேள்வி, பிறகு ஊகம், பிறகு சோதனை. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டுமே மாற்றலாம். ஒவ்வொரு அளவையும் மூன்று முறை எடுக்க வேண்டும். ஆளின் உயரம் கூடக்கூட மூச்சும் கூடும் என்பது என் ஊகம். ஜாடி மிட்டாய்க் கடையில் இரவல் வாங்கியது. உடைந்துவிடுமோ என்று இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. குழாய் அறுபது பைசா.

தங்கை ஏழு கோடு ஊதினாள். நான் பத்து. அம்மா பன்னிரண்டு. துணிக்கடையில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, பதினேழு. படிக்கட்டு போல வரிசையாக ஏறி வந்தது. அப்பாதான் எங்களில் உயரம், ஐந்தடி எட்டு அங்குலம். பத்தொன்பது வருடமாகச் சுரங்கத்தில் பாறையைத் துளைப்பவர். அவருக்கு இருபது கோடு போதாமல் போய்விடுமோ என்றுகூடக் கவலைப்பட்டேன்.

அப்பா ஊதினார். ஒன்பது. மறுபடியும் ஒன்பது. மூன்றாவது முறை எட்டு.

“இன்னா மாமா, தெனம் மூவாயிரம் அடி எறங்கி ஏர்ற ஆளு, பையனாண்ட தோத்துட்டீங்களே” என்றார் மாமா.

“ட்யூப்ல ஓட்டைடா” என்று அப்பா என்னிடம் சொன்னார். “உன் மாமன் வெத்தலன்னு நெனச்சிக் கடிச்சிட்டிருப்பான்.”

எல்லோரும் சிரித்தோம், அம்மாவைத் தவிர. அவள் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழாயைத் தண்ணீருக்குள் அமுக்கி, ஒரு முனையை விரலால் அடைத்து, மறுமுனையில் ஊதிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை; ஓட்டையே இல்லை. சாப்பிடும்போது அதை அறிவித்தேன். மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் ராபர்ட்சன்பேட்டை வரை நடந்துபோய் அப்பாவே புதுக் குழாய் வாங்கி வந்தார். தடித்த சிவப்புக் குழாய், ஒரு ரூபாய் பத்து பைசா. மாற்றியது ஒன்றே ஒன்று என்பதில் எனக்குத் திருப்தி. மற்ற நால்வரின் அளவும் மாறவில்லை. அப்பா எட்டு. அவருடைய இருமல் அடங்க நான்கு நிமிடம் ஆயிற்று.

“அத்த நோட்ல எழுதாத கண்ணு” என்றார். “ஆஸ்பத்திரி கம்பவுண்டர் புள்ள உன் கிளாஸ்லதான கீறான்? எக்ஸ்ரே முடியட்டும்.”

சுரங்கத்து ஆட்களுக்கு எடுக்கும் எக்ஸ்ரேவுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. நெஞ்சில் பாறைத் தூசி படிந்திருந்தால் சுரங்கத்தில் இறக்க மாட்டார்கள். மேலே வேலை, குறைந்த சம்பளம். லைன் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், எனக்கும் தெரியும். அதை ஜாடியோடு சேர்த்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை. அப்பா அக்கறையாக ஊதவில்லை என்று முடிவு கட்டினேன். ‘ஒருவர் ஒத்துழைக்கவில்லை, நீக்கப்பட்டார்’ என்று நோட்டில் எழுதினேன். முதல் பரிசு கிடைத்தது.

எக்ஸ்ரேவில் தூசி தெரிந்தது. அப்பாவை மேலே மாற்றினார்கள். வெயில் இருக்கும்போதே அவர் வீடு திரும்பியது எனக்குப் பிடித்திருந்தது. இப்போதுதான் அவசரம் இல்லையே, அக்கறையாக ஊதுவார் என்று, ஒரு மாலை இன்னும் திருப்பித் தராத ஜாடியை நிரப்பி அவர் முன்னால் கொண்டுபோனேன். அப்பா மறுக்காமல் குழாய்க்குக் கை நீட்டினார். அம்மா ஜாடியை என்னிடமிருந்து பிடுங்கி வாசல் கல்லில் போட்டு உடைத்தாள். அதுவரை ஒரு கிண்ணத்தைக்கூட உடைத்தறியாதவள்.

அவளுக்கு என்ன வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியதெல்லாம், மிட்டாய்க் கடைக்காரருக்கு ஜாடியின் விலை மூன்றரை ரூபாய் தர வேண்டும் என்பது. கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கியபடியே கூட்டிப் பார்த்தேன். குழாய் இரண்டையும் சேர்த்து ஆய்வின் செலவு ஐந்து ரூபாய் இருபது பைசா.