தவளை கேமை நான் தள்ளி வைத்த காரணம்

குழந்தை கையில் போனைக் கொடுத்துவிட்டுக் குற்ற உணர்ச்சியோடு வருகிறவர்களுக்கு, அந்த உணர்ச்சியைக் கொஞ்சம் குறைத்து அனுப்புவதுதான் என் தொழில். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மொபைல் கடையின் மூலையில், மாலை ஐந்திலிருந்து எட்டு வரை எனக்கு ஒரு ஸ்டூல் உண்டு. 'சிறுவர்களுக்கு அறிவு வளர்க்கும் கேம் தேர்ந்தெடுத்துப் போட்டுத் தரப்படும்' என்று அட்டையில் நானே எழுதி ஒட்டியிருக்கிறேன். எட்டு மணிக்கு மேல் திண்டிவனம் ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்கில் நைட் டூட்டி.

பத்தாவதோடு நின்றவனுக்கு இந்தத் தகுதி எப்படி வந்தது என்று கேட்பீர்கள். பங்கில் வண்டி வராத நேரத்தில் ஒவ்வொரு கேமையும் மூன்று ராத்திரி ஆடிப் பார்ப்பேன். எத்தனை விளம்பரம் வருகிறது, நெட்டை அணைத்தால் ஓடுகிறதா, நடுவில் காசு கேட்கிறதா, ஆடி முடித்தால் ஒரு எழுத்தாவது ஒரு கணக்காவது மண்டையில் நிற்கிறதா, எல்லாம் நோட்டில் ஏறும். நான் ஆடி முடிக்காத கேமை எந்தக் குழந்தைக்கும் போட்டதில்லை.

இதெல்லாம் ஆரம்பித்தது என் மகள் கயலுக்காக. வயது ஆறு. அவள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது நான் தூங்குகிறேன். அவள் திரும்பும்போது நான் கிளம்புகிறேன். மிஞ்சுவது ஞாயிற்றுக்கிழமை. அந்த ஒரு நாளாவது பிள்ளை என் பக்கத்தில் உட்காரட்டும் என்று ஒன்பது கேம் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். ஒன்றைக்கூட அவள் இரண்டாம் தடவை தொடவில்லை. ஊருக்கே கேம் தேர்ந்தெடுப்பவன் வீட்டு நிலவரம் இது. போனோடும் பிள்ளையோடும் மல்லுக்கட்டுகிற உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

இரண்டரை வயதில் ஒரு டாக்டர்

வேர்க்கடலை வாங்கி விற்கும் மல்லாட்டை மண்டி வைத்திருப்பவர் ஒருவர், இரண்டரை வயதுப் பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். இங்கிலீஷ், கணக்கு, சயின்ஸ், பொது அறிவு எல்லாம் ஒரே கேமில் வேண்டுமாம். விளையாட்டும் கொஞ்சம் இருக்கலாம், அவருக்கு ஆட்சேபம் இல்லை.

கலர் பொருத்துகிற கேம் ஒன்றைத் திறந்து கொடுத்தேன். பையன் சிவப்புப் பந்தைச் சிவப்புக் கூடையில் போட்டுவிட்டுத் தனக்குத் தானே கை தட்டிக்கொண்டான். பிறகு போனை ஒரு தடவை நக்கிப் பார்த்தான். அப்பா மட்டும் முகத்தைச் சுளித்து, இது எந்தப் பரீட்சைக்கு உதவும் என்று கேட்டார். எதற்கும் உதவாது, பையன் கலர் கற்றுக்கொள்வான் என்றேன். "கலரு தானா தெரிஞ்சிடும்பா. நீட்டுக்கு எதுனா இருந்தா போடு."

சாணி போடாத மாடு

பக்கத்துக் கிராமமான சிங்கவரத்திலிருந்து ஒரு அம்மா பஸ் பிடித்து வந்து மகளுக்கு ஒரு கேம் கேட்டார். நானும் சிந்தித்து, யோசித்து, ஒரு பண்ணை கேமைப் போட்டுக் கொடுத்தேன். விதைக்கலாம், அறுக்கலாம், மாட்டைத் தொட்டால் பால் வரும், பாலை லிட்டர் லிட்டராக எண்ணலாம். இயற்கையும் கணக்கும் ஒருங்கே வளரும் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். சிங்கவரத்துப் பிள்ளைக்கு நிலத்தையும் மாட்டையும் போனில் காட்டக் கிளம்பிய என் அறிவை நீங்களே மெச்சிக்கொள்ளுங்கள்.

பத்து நாள் கழித்து அந்த அம்மா மறுபடி வந்தார். பிள்ளை இப்போது தொழுவத்துப் பக்கமே போவதில்லையாம். "ஊட்ல மூணு மாடு நிக்குது, ஒரு கை புல்லு போடுன்னா வர மாட்டேங்குதுண்ணா. கேட்டா, போன்ல இருக்குற மாடு சாணி போடாதுன்னு சொல்லுது."

பாதியில் நிற்கும் கோட்டை

கல் மேல் கல் அடுக்கிக் கோட்டை கட்டுகிற கேம் ஒன்று உண்டு. சதுரம், முக்கோணம், எடை, சமநிலை என்று நிஜமாகவே புத்தி வளர்க்கிற சமாச்சாரம். ஏழு வயதுப் பெண் ஒருத்தி கடையிலேயே உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் கொத்தளம் வரை கட்டிவிட்டாள். நிமிர்ந்து கடை வாசல் வழியே மலையைப் பார்த்தாள். தினமும் பார்க்கிற மலைதான். அதன் மேல் இருக்கிற செஞ்சிக் கோட்டை ஏன் பாதியிலேயே நிற்கிறது, லோட் ஆகவில்லையா என்று கேட்டாள்.

கேம் போடுகிறவன் சரித்திரமும் சொல்ல வேண்டியதாயிற்று. ராஜாக்கள் கட்டினார்கள், சண்டை போட்டார்கள், இடிந்துவிட்டது என்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். "அப்போ மறுபடியும் மொதல்லருந்து ஆடாம ஏன் வுட்டுட்டாங்க அங்கிள்?"

பையனுக்கு வேற

தாலுகா ஆபீஸில் வேலை பார்க்கும் ஒருவர், ஐந்து வயது மகனுக்காக எழுத்துக் கோக்கிற கேம் ஒன்றை வாங்கிப் போனார். குழந்தையைத் தனியாக விடாதீர்கள், கூடவே உட்காருங்கள் என்று எல்லாரிடமும் சொல்வதை அவரிடமும் சொன்னேன். இப்படிச் சொல்கிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை.

ஒரே வாரத்தில் திரும்பி வந்தார். கண் இரண்டும் சிவந்து, நைட் டூட்டிக்காரன் மாதிரி இருந்தார். அறுபத்திரண்டாம் லெவலில் மாட்டிக்கொண்டிருக்கிறாராம், மகன் கேட்டால் தருவதற்கு மனசு வரவில்லையாம். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "பையனுக்கு வேற ஒண்ணு போட்டுக் குடுங்க. இது என்னுதாயிடுச்சு."

ஞாயிற்றுக்கிழமை

போன ஞாயிறு டூட்டி முடிந்து வந்து பாயில் சாய்ந்திருந்தேன். கயல் அவள் அம்மாவின் போனோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். என் ஒன்பதில் ஒன்றுக்குக் கடைசியாக விடிவு வந்துவிட்டதென்று எட்டிப் பார்த்தேன். இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை காட்டிக் கொடுத்த தவளை கேம். போனின் அந்தக் கோடியில் ஒரு தவளை, இந்தக் கோடியில் ஒரு தவளை, நடுவில் பூச்சி பறக்கும். அதிகம் பிடித்த தவளை ஜெயிக்கும்.

நான் எப்போதோ பார்த்த கேம்தான். நோட்டைப் புரட்டினேன், என் கையெழுத்திலேயே இருந்தது: 'இரண்டு ஆள் வேண்டும். பங்கில் ஆள் இல்லை. இரண்டு கையாலும் ஆடினேன், இடது கை தோற்றது. கல்வி இல்லை. விளம்பரம் நான்கு. வேண்டாம்.' இதையே கொஞ்சம் மரியாதையான வார்த்தையில் பிள்ளைக்கு எடுத்துச் சொன்னேன். இதில் படிப்பு ஒன்றும் கிடையாது, நைனா கொடுத்த ஒன்பதில் எதையாவது ஆடு என்றேன்.

அவள் போனை எனக்கும் தனக்கும் நடுவில் தரையில் வைத்தாள். என் பக்கத்துத் தவளை என்னைப் பார்க்கும்படி திருப்பி வைத்தாள். "உன் கேம்ல எல்லாம் நான் ஒருத்திதான் ஆடணும் நைனா. இதுலதான் உனக்கும் ஒரு தவளை இருக்குது, தூங்கிடாத."

பன்னிரண்டுக்குப் பத்தொன்பது என்று தோற்று, எத்தனை பூச்சி குறைச்சல் என்பதை அவளே விரல் விட்டு எண்ணி ஏழு என்று சொன்ன பிறகு, நோட்டில் 'வேண்டாம்' என்பதை அடித்துவிட்டு எழுதினேன்: கல்விக்கு உகந்தது, விளம்பரம் நான்கு, அப்பன் ஒருவன் விழித்திருப்பது அவசியம்.