கறுப்புத் திரையில் ஒரு மத்தியானம்

இரண்டு மூன்று வருடம் இருக்கும். ஐப்பசி மாதத்து மத்தியானம். சிதம்பரத்தில் கீழவீதியை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு. சாப்பாட்டு வேலையை ஒழித்துவிட்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். வெளியே மழை வரப்போகிற இருட்டு. காற்று அசையவில்லை. தெருவில் ஒரு சைக்கிள் மணிகூடக் கேட்கவில்லை. அந்த நேரத்துக்கென்றே ஒரு மயக்கம் உண்டு. விழித்திருக்கிறோமா, தூங்குகிறோமா என்று நமக்கே தெரியாது.

அந்த நேரத்தைத்தான் நான் வாசிப்பதற்கு வைத்திருந்தேன். பார்வை இல்லாத மாணவர்களுக்காகப் பாடப்புத்தகங்களைச் சத்தமாக வாசித்து, பதிவு செய்து அனுப்புவது என் வழக்கம். தோழி ஒருத்தி சொல்லி ஆரம்பித்தது. கணவர் நெய்வேலிக்கு வேலைக்குப் போய்விடுவார். மகன் வெளியூரில் படிக்கிறான். வீட்டில் பேச ஆளில்லாத எனக்கு அது ரொம்பவும் பிடித்துப்போனது.

கேட்கிறவர்கள் யாரையும் நான் நேரில் பார்த்ததில்லை. அவர்களில் ஒரு பெண் லால்பேட்டைக்காரர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். காட்டுமன்னார்கோயிலில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் எம்.ஏ. வரலாறு படித்தார். ஒவ்வொரு பாடம் அனுப்பியதும், "வந்துடுச்சுக்கா, ரொம்ப நன்றி" என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல் வரும். எங்கள் பழக்கம் அவ்வளவுதான்.

அவருக்குத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது, படிக்க லீவு போட்டு வீட்டில் இருந்தார். கடைசித் தாளுக்கான பாடங்களில் பாதி அனுப்பியிருந்தேன், மீதி கம்ப்யூட்டரிலேயே இருந்தது. பதிவுகள் பெரிது பெரிதாக இருந்ததால், அவற்றைச் சுருக்க ஏதாவது இலவச மென்பொருள் கிடைக்குமா என்று அன்றைக்கு இன்டர்நெட்டில் தேடினேன். ஏதோ ஒரு பக்கத்தில் பச்சையாக 'டவுன்லோட்' என்று இருந்தது. அமுக்கினேன்.

திரை முழுக்கச் சிவப்பாகிவிட்டது. கூடவே ஆம்புலன்ஸ் மாதிரி ஒரு சத்தம். உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது, அணைத்தால் எல்லாம் அழிந்துவிடும், உடனே இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள் என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் வந்தது. எந்தச் சாவியை அமுக்கியும் அது போகவில்லை. அந்த எண்ணைப் போனில் போட்டேன்.

எடுத்தவர் தமிழிலேயே பேசினார். அவ்வளவு மரியாதை. "பயப்படாதீங்கம்மா, நாங்க இருக்கோம்ல" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் பாதி உயிர் வந்துவிட்டது. அவர் சொன்ன பக்கத்துக்குப் போய், அவர் சொன்னதை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். திரையில் வந்த எண்ணை வாசித்துக் காட்டினேன். "இப்ப மவுஸ்ல இருந்து கைய எடுத்துடுங்கம்மா" என்றார். எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அம்புக்குறி தானாக நகர்ந்தது. ஒரு பெட்டியைத் திறந்தது, மூடியது, இன்னொன்றைத் திறந்தது. அதைப் பார்த்து எனக்குப் பயமே வரவில்லை என்பதுதான் இன்றைக்கும் ஆச்சரியம். கனவில் நம் வீட்டுக்குள் யாரோ நடமாடுவார்கள், நாமும் ஏன் என்று கேட்காமல் பார்த்துக்கொண்டிருப்போமே, அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் குரல் தாலாட்டுகிற மாதிரி போய்க்கொண்டே இருந்தது. "பேங்க் பக்கத்தையும் ஒரு தடவ திறந்து காட்டுங்கம்மா, அதுவும் பத்திரமா இருக்கான்னு பாத்துடலாம்" என்றார். சரி என்று சொல்லப்போனேன்.

அப்போதுதான் போனில் இன்னொரு அழைப்பு வந்தது. லால்பேட்டைப் பெண். பேசிக்கொண்டிருந்த ஆளைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லிவிட்டு இதை எடுத்தேன்.

"அக்கா, நேத்து அனுப்புன பாடம் பாதில நின்னுடுது."

"கொஞ்சம் இரும்மா. கம்ப்யூட்டர்ல வைரஸ் வந்துடுச்சு. கம்பெனிக்காரங்க லைன்ல இருக்காங்க. அவுங்களே உள்ள வந்து சரி பண்றாங்க."



"அந்த நம்பர் உங்களுக்கு எங்க கெடைச்சுது?"

"திரையிலயே வந்துச்சு, நான்தான்..."

"அக்கா, சுவிட்ச அணைங்க. இப்பவே. நெட் பொட்டியவும் சேத்து."

"அணைச்சா எல்லாம் அழிஞ்சுடும்னு..."

"அப்புடித்தான் சொல்லுவான். அணைங்கக்கா!"

நன்றி தவிர வேறெதுவும் பேசி நான் கேட்டிராத குரல் அது. அந்த அதட்டலில்தான் விழித்துக்கொண்டேன். திரையைப் பார்த்தால், அம்புக்குறி நான் பாடங்களைப் போட்டு வைத்திருந்த இடத்தில் போய் நிற்கிறது. சுவரில் இருந்த சுவிட்ச் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் தட்டினேன். மின்விசிறியும் நின்றது. வீடு மொத்தமும் அமைதியானது.

அடுத்து அந்தப் பெண், "எந்த பாஸ்வேர்டாவது அடிச்சீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அல்ஹம்துலில்லாஹ். இருந்தாலும் மொதல்ல பேங்குக்குப் போன் போட்டு விஷயத்த சொல்லுங்க. மெயில் பாஸ்வேர்ட போன்லயே மாத்துங்க. அந்தாளு கூப்புட்டா எடுக்காதீங்க. முடிச்சிட்டு என்னக் கூப்புடுங்க." அந்த ஆளின் அழைப்பு வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் வெட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். எல்லாம் முடித்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன்.

"நெட் பொட்டி அணைஞ்சே இருக்கட்டும். கம்ப்யூட்டர மட்டும் போடுங்க" என்றார். போட்டேன். உள்ளே விசிறி சுற்றுகிறது, சாவிப்பலகையில் விளக்கு எரிகிறது, ஆனால் திரை மட்டும் கறுப்பு. எத்தனை நேரம் பார்த்தும் கறுப்பு. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"எல்லாம் போச்சும்மா. படமே வரல. உன் பாடம் எல்லாம் இதுலதான் இருக்கு."

அவர் சிரித்தார். கிண்டல் இல்லை, நிஜமாகவே வந்த சிரிப்பு. "எனக்கு என்னைக்குக்கா படம் வந்துருக்கு? அழுவாதீங்க. அந்தாளு எதயாவது மாத்திருப்பான், இல்ல திடீர்னு அணைச்சதுல படம் காட்டுற டிரைவர் சாப்ட்வேர் கெட்டுருக்கும். உள்ள கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்கும்."

முதலில் ஏதோ நான்கு சாவிகளைச் சேர்த்து அமுக்கச் சொன்னார். ஒரு சின்ன 'பீப்' கேட்டது, படம் வரவில்லை. "பீப் வந்துச்சுல்ல, உசுரு இருக்கு. இப்ப விண்டோஸ் சாவி, கண்ட்ரோல், என்டர், மூணையும் சேத்து அமுக்குங்க."

அமுக்கினேன். கறுப்புத் திரைக்கு உள்ளிருந்து ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை வருடமாக என் கம்ப்யூட்டருக்குள் அப்படி ஒரு குரல் இருந்ததே எனக்குத் தெரியாது. அது திரையில் உள்ளதைப் படித்துச் சொல்கிற குரல். லால்பேட்டைப் பெண் அதைக் கேட்டுத்தான் தினமும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாராம்.

"போன ஸ்பீக்கர்ல போட்டு அது கிட்டக்கவே வைங்க. அது பேசறத நான் கேட்டுக்கறேன். நீங்க திரையப் பாக்காதீங்க. பாத்தா பயம் வரும். கண்ண மூடிக்குங்க."

மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் போனது என்று சொல்லத் தெரியவில்லை. என் விரல்கள் சாவிகளைத் தடவிக்கொண்டிருந்தன. அவர் எழுத்து எழுத்தாகச் சொல்ல நான் அடித்தேன். கீழே போகிற அம்புச் சாவியை நான் அமுக்க அமுக்க, அந்தக் குரல் கம்ப்யூட்டரில் இருக்கிற மென்பொருள்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தது. அது முடிப்பதற்குள்ளேயே அவர், "இது இல்ல... இதுவும் இல்ல... போங்க..." என்பார். திடீரென்று, "நில்லுங்க. இதான். இது வழியாத்தான் உள்ள வந்துருக்கான்" என்றார். அதை எடுத்துப் போட்டோம். பக்கத்திலேயே, நான் அமுக்கின பச்சைப் பொத்தானோடு கூட வந்த இன்னொன்றும் உட்கார்ந்திருந்தது. அதையும் எடுத்தோம். இருட்டில் ஒருத்தர் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பது போல இருந்தது. தடுக்கி விழுவோம் என்ற பயமே இல்லை.

கடைசியாக, போன வாரம் கம்ப்யூட்டர் எப்படி இருந்ததோ அந்த நிலைக்கே அதைத் திருப்பி வைக்கிற வேலையை ஆரம்பித்தார். "இது கொஞ்சம் நேரம் எடுக்கும். நடுவுல அணைச்சுடாதீங்க, சும்மா இருப்போம்" என்றார். உள்ளே பேசிக்கொண்டிருந்த குரலும் நின்றுவிட்டது. அவரும் நானும் மட்டும் லைனில் இருந்தோம்.

போன் வழியாக முதலில் மழைதான் கேட்டது. அவர் வீட்டுத் தகரத்தின் மேல் பட்டுப் பெரிதாகிக்கொண்டே வந்தது. "இங்க புடிச்சிடுச்சுக்கா. இந்த வருசம் வீராணம் ஏரி சீக்கிரமே ரொம்பிடும். உங்க ஊருக்கு இன்னும் வரலல்ல?"

"வரல. உனக்கு எப்புடித் தெரியும்?"

"உங்க வீட்டு சத்தம் எனக்குத் தெரியாதா? மழைன்னா உங்க ஜன்னலுக்கு வெளிய எதுமேலயோ டக்கு டக்குன்னு சொட்டும். பிளாஸ்டிக் வாளியா?"

வாளிதான். அந்த ஜன்னலுக்கு வெளியே எப்போதும் கவிழ்த்து வைத்திருப்பேன். என் மின்விசிறி எந்தச் சுற்றில் முனகும், கோயில் மணி கேட்டதும் நான் எப்படி ஒரு கணம் நிறுத்திவிட்டு வாசிப்பேன், தாகம் எடுத்தால் எந்த எழுத்தில் என் குரல் கம்மும், எல்லாம் சொன்னார். என் வீட்டுக்குள் அவர் பல காலமாக வந்துபோய்க்கொண்டிருந்திருக்கிறார்.

பிறகு கொஞ்சம் தயங்கி, "ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே? ஏரிப் பாசனம் பாடத்துல நீங்க தூங்கிட்டீங்கக்கா" என்றார்.

"என்னது!"

"வாசிச்சுக்கிட்டே வந்தீங்க, கொரலு தேஞ்சுக்கிட்டே போச்சு, அப்புறம் மூச்சு சத்தம்தான். கொஞ்ச நேரங் கழிச்சு தூக்கிப்போட்டாப்புல முழிச்சு, விட்ட எடத்துலயே புடிச்சிட்டீங்க. அத வெட்டாம அப்புடியே அனுப்பிட்டீங்க."

வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. "அட ராமா! சொல்லிருந்தா திரும்ப வாசிச்சு அனுப்பிருப்பேனே."

"அதான் சொல்லல. வேலை முடிஞ்சு வர்றப்ப பஸ்ல கூட்டம் ஜாஸ்தியா இருக்கும், எல்லாரும் கத்துவாங்க. அப்ப அந்த எடத்தத்தான் போட்டுக்குவேன். நம்மள நம்பி ஒருத்தவங்க பக்கத்துல நிம்மதியா தூங்குறாப்புல இருக்கும்."

கண்ணை மூடியபடியே உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் எங்கள் தெருவுக்கும் மழை வந்து சேர்ந்தது. வாளியின் மேல் முதல் சொட்டு விழுந்தது. "வந்துடுச்சா?" என்றார். "ம்" என்றேன். இரண்டு ஊர் மழையும் அந்த அறையில் ஒன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

கண்ணிமைக்கு வெளியே வெளிச்சம் தட்டியபோதுதான் திறந்து பார்த்தேன். திரையில் என் மகன் வைத்துவிட்டுப் போன பிச்சாவரம் காட்டுப் படம், பச்சைப்பசேல் என்று. "வந்துடுச்சும்மா, படம் வந்துடுச்சு!" என்று கத்தினேன். பாடங்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன. அன்றைக்குப் பாதி வாசித்துச் சேமிக்காமல் விட்டிருந்த ஒரே ஒரு பதிவுதான் சுவிட்சைத் தட்டியபோது போயிருந்தது. அதையும், முந்தின நாள் அனுப்பிப் பாதியில் நின்ற பாடத்தையும் மறுநாள் திரும்ப வாசித்தேன்.

"இதோட முடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க. உள்ள வந்தவன் எத விட்டுட்டுப் போனான்னு தெரியாது. விண்டோஸ் முழுசையும் அழிச்சுப் புதுசா போட்டுடணும். அதுவரைக்கும் நெட் குடுக்காதீங்க. நானே வர்றேன்" என்றார்.

சொன்னபடியே அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்தார். பஸ் ஸ்டாண்டில் போய் அழைத்து வந்தேன். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர் என்று அப்போதுதான் தெரிந்தது. காபி குடித்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவர், திரையைப் படிக்கும் அந்தக் குரலைக் கேட்டபடியே பாடங்களை எல்லாம் முதலில் ஒரு தனி ஹார்டு டிஸ்கில் எடுத்தார். எடுத்ததும் அதைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "இத எப்பவும் மாட்டியே வைக்காதீங்க. மாட்டி, ஏத்தி, கழட்டி வச்சிடணும். அப்பத்தான் இங்க எவன் வந்தாலும் அங்க கை வைக்க முடியாது." பிறகு எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டார். நான் தினமும் உபயோகிக்கத் தனியாக ஒரு கணக்கு, எதையாவது புதிதாக ஏற்ற வேண்டுமென்றால் மட்டும் பாஸ்வேர்டு கேட்கிற இன்னொரு கணக்கு என்று பிரித்து வைத்தார். "இனிமே தெரியாம எதயாவது அமுக்குனாலும் அது ஒங்களக் கேக்காம உள்ள வராது. மென்பொருள் வேணும்னா அத செஞ்சவங்க பக்கத்துலயே போயி எடுங்க. எந்தக் கம்பெனியும் திரையில சைரன் ஊதி நம்பர் குடுக்காது." அவர் சொன்னது எல்லாவற்றையும் இன்று வரை தவறாமல் செய்கிறேன்.

அவர் தேர்விலும் நல்லபடியாகத் தேறிவிட்டார். இப்போது வேறொரு படிப்பு, அதற்கும் நான்தான் வாசிக்கிறேன். அந்தச் சிவப்புத் திரையை நினைத்தால் இன்றும் உடம்பு பதறத்தான் செய்கிறது. ஆனால் ஆளில்லாத வீட்டில் யாருக்கோ வாசித்துக்கொண்டிருக்கிறேன் என்று நான் நினைத்திருந்த அத்தனை மத்தியானங்களிலும் ஒருத்தி என் பக்கத்திலேயே உட்கார்ந்து என்னைக் காவல் காத்திருக்கிறாள் என்று தெரிந்துகொண்டதும் அன்றைக்குத்தான். அந்த நாளுக்குப் பிறகு தனியாக இருக்கிறோம் என்ற எண்ணம் எனக்கு வந்ததே இல்லை.