பச்சைத் தொப்பி போட்ட மரம்வெட்டி

காலை எட்டு மணிக்கு பீஜிங்கில் இருந்து ஒரு வரி மின்னஞ்சல் வந்திருந்தது. "உங்கள் கதாநாயகன் ஏன் பச்சைத் தொப்பி போட்டிருக்கிறான்?" அதன் கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. பயம் வந்தால் எதையாவது எண்ணுவது என் பழக்கம்.

2009ஆம் ஆண்டு, இலங்கையில், எங்கள் ஊரில், யுத்தம் முடிந்த வைகாசி மாதம். கனடாவின் ஸ்காபரோவில், டோர்செட் பார்க் பக்கம், ஒரு நூடில்ஸ் கடைக்கு மேலே எங்கள் கம்பனி இருந்தது. சீனாவுக்கு வெளியே செய்த கைபேசி விளையாட்டுகளின் உரிமையை வாங்கி, சீனத்து ஆட்களுக்கு ஏற்றபடி மாற்றி அங்கே வெளியிடுவது எங்கள் தொழில். முதலாளி லின், பீஜிங்கில் பிறந்தவர். விளையாட்டுகளைச் சோதிப்பவர் ரெக்ஸ்டேலில் இருந்து வரும் ரிஸ்வி நானா; நானா என்றால் எங்கள் முஸ்லிம்களின் பேச்சில் அண்ணன். அவர் மேசையில் இருபத்து மூன்று போன்கள் படுத்திருக்கும். படங்களைத் திருத்துபவன் நான். மூன்று மாதப் புரொபேஷனில் கடைசி வாரம்.

பதினாறு நிறங்கள்

அப்போது பட்டன் போன்களின் காலம். ஒரு படத்தில் பதினாறு நிறங்களுக்கு மேல் வைத்தால் ஃபைல் பெருத்துவிடும், சின்னப் போன்களில் ஏறாது. அந்தப் பதினாறும் இருக்கும் பட்டியலுக்குப் பலெட் என்று பெயர். பட்டியலில் ஒரு நிறத்தை மாற்றினால் படம் முழுக்க அது மாறிவிடும்.

கனடாவில் செய்த அந்த விளையாட்டில், சிவப்புக் கம்பளித் தொப்பி போட்ட ஒரு மரம்வெட்டி. கொள்ளையன் ஒருவன் அவன் மனைவியைக் கொண்டுபோய்விட, பனிக்காட்டில் ஓநாய்களை அடித்துக்கொண்டு பன்னிரண்டு கட்டம் தாண்டி அவளைத் தேடுகிறான். ஓநாயை அடித்தால் சிவப்பு இரத்தம் தெறிக்கும். சீனாவில் அதை ஏற்கமாட்டார்கள், பச்சையாக்கு என்றார் லின். ஐந்து நிமிட வேலை.

அதைச் செய்ய உட்கார்ந்தபோதுதான் என் போன் அடித்தது. என் அக்காவின் கணவர் அத்தான்; அவருடைய தம்பி, லண்டனில் இருந்து.

"உன்ர அக்கா உயிரோட இருக்கிறா மச்சான்! பிள்ளையளும் அண்ணாவும் இருக்கினம். வவுனியாப் பக்கம் முகாமில. நாங்கள் அனுப்பின ஆள் பார்த்துக் கதைச்சிட்டு வந்திட்டான்."

ஐந்து மாதமாக ஒரு செய்தியும் இல்லாமல் இருந்த அக்கா. நான் கதிரையில் இருந்து எழும்பினேன், இருந்தேன், திரும்ப எழும்பினேன். அந்தச் சந்தோசத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. "தம்பிக்கு இங்க நிரந்தர வேலை கிடைச்சிட்டுது, ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாம் எண்டு அக்காவுக்குச் சொல்லிவிடுங்கோ" என்றேன். பிறகு பலெட்டில் சிவப்பைப் பச்சையாக்கி, திறந்தும் பாராமல் பில்டை, அதாவது விளையாட்டின் புதுப் பதிப்பை, பீஜிங்குக்கு அனுப்பிவிட்டு, பஸ்ஸில் மல்வேர்ன் வரை சிரித்துக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்த பெண் இடம் மாறி உட்கார்ந்தார்.

இரத்தமும் தொப்பியும் ஒரே சிவப்பு. அதைத்தான் நான் பார்க்கவில்லை.

தலை இல்லாத வீரன்

மறுநாள் காலை அந்த மின்னஞ்சலை நானாவிடம் காட்டினேன்.

"பச்சைக்கு என்ன குறை தம்பி? எங்கட பள்ளிவாசலே பச்சைதான்" என்றார் அவர்.

லின் வந்து திரையைப் பார்த்தார். கையில் இருந்த தேநீரை மெதுவாக மேசையில் வைத்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை எங்கள் தமிழில் தருகிறேன், அதில்தான் சூடு குறையாது.

"குகன், எங்கட நாட்டில ஆம்பிளை பச்சைத் தொப்பி போட்டா, அவன்ர மனிசி வேற ஒருத்தனோட எண்டு அர்த்தம்."

நான் மரம்வெட்டியைப் பார்த்தேன். பாவம், மனைவியைத் தேடிப் பன்னிரண்டு கட்டம் ஓடப்போகிறான், தலையில் விளம்பரப் பலகையோடு.

"நாளைக்கு அங்கத்தைய காலமை ஒன்பது மணிக்கு, அனுமதி குடுக்கிறவையின்ர பரிசீலனை. எங்களுக்கு இண்டைக்கு இரவு ஒன்பது. தவறவிட்டா அடுத்த முறை மூண்டு மாதம் கழிச்சு. அதுவரை கம்பனி இருக்குமோ தெரியாது. நீர் இருக்கமாட்டீர்."

முகாமில் அக்கா பக்கத்துக் கூடாரத்துக்காரரிடம் தம்பியின் நிரந்தர வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பது எனக்குக் கண்ணுக்குள் தெரிந்தது. சிவப்பைத் திரும்பப் போட்டேன், இரத்தமும் சிவப்பானது. தொப்பிக்குப் புதுநிறம் சேர்த்தேன், அது பதினேழாவது. நானாவின் ஒன்பது போன்கள் விளையாட்டை ஏற்றவே மறுத்தன. கடைசியில் பதற்றத்தில் தொப்பியையே அழித்தேன். படத்தை முதலில் கீறியவர் தொப்பிக்குக் கீழே தலையைக் கீறவில்லை. புருவத்துக்கு மேலே வானம் தெரிய, மரம்வெட்டி உற்சாகமாக ஓடினான்.

நானா சிரித்துச் சிரித்து மேசையைப் பிடித்துக்கொண்டார். "யா அல்லாஹ், பச்சைத் தொப்பியே தேவல தம்பி!" கண்ணைத் துடைத்துவிட்டு ஒரு போனை எடுத்துக் கொஞ்சநேரம் ஆடினார். பிறகு கேட்டார்: "ஓநாய்க்கு ரத்தம் என்னத்துக்கு? காடு முழுக்கப் பனி ஈக்கிதே. அடிச்சா பனி தெறிக்கட்டும்."

வெள்ளை ஏற்கெனவே பலெட்டில் இருந்தது! இரத்தத் துளிகளை மட்டும் கையால் ஒவ்வொன்றாக வெள்ளையாக்கினால் போதும். நாற்பத்தெட்டுப் படங்கள். லின் தன் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து பாதியை எடுத்தார். நாங்கள் ஒவ்வொன்றாக முடிக்க, நானா இருபத்து மூன்று போனிலும் ஓநாய் அடித்தார். ஏழு மணிக்கு அனுப்பினோம். இந்த முறை மூன்று பேரும் திறந்து பார்த்துவிட்டு.

வெள்ளைப் பலகை

"உமக்கு நேற்று என்ன நடந்தது?" என்று லின் அப்போதுதான் கேட்டார். "மூண்டு மாதமா இப்பிடி ஒரு பிழை விடேல்லையே."

சொன்னேன். அக்கா, பிள்ளைகள், முகாம், நான் சொல்லிவிட்ட பொய் எல்லாவற்றையும். நானா எழும்பி வந்து என் தோளைக் கட்டிக்கொண்டார். லின் தன் கதிரையை என் பக்கம் திருப்பினார்.

"உந்தச் செய்தி கேட்ட மனுசன் ஏன் வேலை செய்துகொண்டு இருந்தனீர்? வீட்ட போயிருக்கலாம்தானே?"

"புரொபேஷன்" என்றேன்.

"விசரன்" என்று எங்கள் ஊரில் பைத்தியக்காரனைச் சொல்வதற்கு ஆங்கிலத்தில் என்ன உண்டோ, அதைச் சொன்னார்.

மறுநாள் பீஜிங்கில் இருந்து அனுமதி வந்தது. பனி தெறிப்பது அழகாக இருக்கிறதாம். வெள்ளிக்கிழமை நிரந்தர வேலைக் கடிதத்தில் கையெழுத்து வைத்துவிட்டு லண்டனுக்குப் போன் அடித்தேன். "அக்காவுக்கு நான் சொல்லிவிட்டது இப்ப உண்மை" என்றேன். அத்தானின் தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு: எந்த நாட்டுக்கு அனுப்பினாலும் அந்த நாட்டு ஆள் ஒருவரிடம் முதலில் படத்தைக் காட்டுங்கள். அது சின்னப் பாடம். பெரிய பாடத்தை, ஓநாய்ப் படங்களை அனுப்பிய அன்று மாலையே லின் வெள்ளைப் பலகையில் எழுதினார்: "நல்ல செய்தி கேட்டவர் அன்று பில்டைத் தொடக்கூடாது. வீட்டுக்குப் போய்ச் சந்தோசப்பட வேண்டும்." இப்போது நான்தான் படம் திருத்தும் பிரிவுக்குப் பொறுப்பு. பலகை மாறிவிட்டது, வரி மாறவில்லை. போனை வைத்துவிட்டு யாராவது தனியாகச் சிரித்தால், முதலில் அவர் கையில் இருந்து மவுஸை வாங்குவேன். என்ன செய்தி என்று பிறகுதான் கேட்பேன்.