மாடு முகர்ந்துவிட்டுப் போன புல்

சாயப்பட்டறைகள் பெருகிக்கொண்டிருந்த வருடங்களில், வீரபாண்டிக்கு அப்பால் ஒரு மேய்ச்சல் காட்டோரம் என் மொபெட் பஞ்சரானது. வேலிக்குள் நின்றவரின் வாயில் ஒரு புல் தண்டு. பேசும்போதும் அதை எடுக்கவில்லை.

"கொழுக்கட்டைப் புல்லுங்க. இழுத்துப் பாருங்க. ஒரு வருசப் புல்லுன்னா கையோட வந்துரும், இது வராதுங்க."

இழுத்தேன். புல் நின்றது, நான்தான் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "சாயத்தண்ணி உப்பு எறங்கிப் பழசெல்லாம் போயிருச்சுங்க. குன்னத்தூர்ல இருந்து வெதை கொண்டாந்து வளத்துனேன். இப்ப பாருங்க." வேலியோரம் கட்டியிருந்த பசுவை அவிழ்த்துவிட்டார். அது முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"தெனமும் மென்னு பாக்கறனுங்க, எனக்கொண்ணும் தெரியல. நீங்க சொல்லுங்க, உப்புக் கரிக்குதுங்களா? இது மேயலீன்னா மாட்டைச் சந்தைக்குத்தான் ஓட்டோணும்."

மென்றேன். உப்பில்லாத ரசத்தையே பிரமாதம் என்று சொல்லி மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிற நாக்கு என்னுடையது. அவரோ வைத்தியர் வாயைப் பார்ப்பதுபோல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியலீங்க" என்றேன்.

"ஆமாங்க" என்று இன்னொரு தண்டைக் கிள்ளி வாயில் வைத்துக்கொண்டார்.

இப்போதும் ரசத்தில் உப்பு சரியா என்று வீட்டில் கேட்டால், எனக்கு அந்த மாடு என்னவாயிற்றோ என்றுதான் இருக்கிறது.